பாரக்கல்லோடு வந்த ஊரி

கோடை விடுமுறைக்கு ரிமூஸ்கி, காஸ்பே பக்கம் காரெடுத்துப் போய்வரும் எங்கள் குடும்பங்கள் இப்போது அதிகம். லொங்குய்ய்யில் இருபதாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறினால் ஐந்தரை, ஆறு மணித்தியாலத்தில் ரிமூஸ்கி வந்துவிடும். எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் ஓடும் அதே சென் லோறன்ஸ்தான் அங்கேயும் இருக்கிறது. ஆனால் இங்கே அது நன்னீர் ஆறு. வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. கியூபெக் நகரத்துக்குக் கீழே ஓர்லியன்ஸ் தீவைக் கடந்த பிறகுதான் தண்ணீர் மெல்ல மெல்ல உவர்க்கத் தொடங்கும். ரிமூஸ்கியில் அது கடலேதான்.

அங்கே கடல் வற்றிக் கிடக்கிற நேரம் பாறைகளைப் பார்த்தால் கறுப்பும் சாம்பலும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன ஊரிகள் அப்பிக்கொண்டிருக்கும். பிரெஞ்சில் பிகொர்னோ என்பார்கள். அவித்து, ஊசியால் கிளறி எடுத்துச் சாப்பிடுவார்கள். வல்வெட்டித்துறைப் பக்கம் ஊரிக்காடு என்று ஒரு இடமே இருக்கிறது. அந்தக் கரைகளில் வளர்ந்தவர்களுக்கு ஊரி என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கனடிய ஊரியை வைத்து விஞ்ஞானிகள் நூற்றிருபது வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடத்தியிருக்கிறார்கள். வழக்கு இதுதான்: இந்த ஊரி இந்தக் கரைக்கு உரியதா, அல்லது வெளியிலிருந்து வந்ததா?

வழக்குக்குள் போகமுன் ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒரே பாறையில் மூன்று நெருங்கிய சொந்தக்காரர் இருக்கிறார்கள். மூவரும் லிற்றோரினா என்ற ஒரே பேரினம். முதலாவது லிற்றோரினா லிற்றோரியா. பெரிதாய், கறுத்து, மூன்று சென்ரிமீற்றர் வரை வளரும். இதைப் பெரிய ஊரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது லிற்றோரினா சாக்சற்றிலிஸ். சிறியது, ஓட்டில் வரி வரியாகச் சொரசொரப்பு இருக்கும். இது சொரசொர ஊரி. மூன்றாவது லிற்றோரினா ஒப்ரியுசாற்றா. உச்சி தட்டையாய், வழுவழுப்பாய், மஞ்சளோ ஒலிவ் நிறமோ இருக்கும். கடற்பாசியில் ஒட்டிக்கொண்டே சீவிப்பதால் இதைப் பாசி ஊரி என்போம். இந்தத் தமிழ்ப் பெயர்கள் இன்றைய பேச்சுக்காக நான் வைத்தவை; புத்தகத்தில் தேடாதீர்கள்.

ஓட்டைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும் இவை உடலுக்குள்ளே வெகு தூரம் விலகியவை. பெரிய ஊரி முட்டைகளைக் கடலில் விட்டுவிடும். அவற்றிலிருந்து வரும் குடம்பிகள் சில கிழமைகள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பிறகுதான் எங்காவது கரையில் இறங்கும். பாசி ஊரி பாசியிலேயே பசை போன்ற ஒரு கட்டியாக முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே ஊர்ந்து வெளியேறும். சொரசொர ஊரியோ முட்டைகளைத் தன் உடலுக்குள்ளே ஒரு பையில் வைத்து அடைகாத்து, ஓட்டோடு கூடிய குஞ்சுகளாகப் பெற்றெடுக்கும். வாழும் இடமும் அப்படித்தான். பெரிய ஊரி பாறையின் கீழ்ப் பாதியில் இருக்கும். சொரசொர ஊரி உச்சியில், அலைத் தூவானம் மட்டும் படுகிற இடத்தில், ஓட்டின் விளிம்பைச் சளியால் பாறையில் ஒட்டிவிட்டு வாய்மூடியை இறுக்கிக்கொண்டு நாட்கணக்கில் தண்ணீரில்லாமல் கிடக்கும். அதன் ஓட்டுக்குள் இருக்கும் வெளி ஓரளவுக்குச் சுவாசப்பை போல வேலை செய்கிறது. மாரியில் இங்கே கரையே உறையும்போது பெரிய ஊரியின் உடலிலும் பனிக்கட்டி உண்டாகும். கலங்களுக்கு வெளியே இருக்கும் நீர் உறைய விட்டு, கலங்களுக்குள்ளே உறையாமல் காத்துக்கொண்டு அது உயிர் பிழைக்கிறது. ஒட்டாவாவில் கார்ள்ற்றன் பல்கலைக்கழகத்தில் இதை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனி வழக்கு. பெரிய ஊரியைப் பற்றி வட அமெரிக்காவில் கிடைக்கும் முதற் பதிவு 1840ஆம் ஆண்டுக்குரியது. இடம் நோவா ஸ்கோஷியாவில் உள்ள பிக்ரோ துறைமுகம். மொன்றியல்காரருக்கு இந்தப் பிக்ரோவோடு ஒரு தொடர்பு இருக்கிறது. மக்கில் பல்கலைக்கழகத்துக்கு 1855 முதல் 1893 வரை அதிபராக இருந்த வில்லியம் டோசன் பிறந்தது அந்தச் சிற்றூரில்தான். பல்கலைக்கழக வளவில் இருக்கும் ரெட்பாத் நூதனசாலை 1882இல் அவருடைய காலத்தில் எழுந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

பிக்ரோவிலிருந்து பெரிய ஊரி தெற்கே இறங்கிய வேகம் ஆச்சரியமானது. 1850களில் ஹலிபக்ஸ், 1870களில் அமெரிக்காவின் கேப் கொட், 1880 அளவில் கொனெக்ரிகட். கரையோரமாய் இருந்த இயற்கை ஆர்வலர்கள் வருடா வருடம் குறித்து வைத்திருக்கிறார்கள்: போன வருடம் இல்லை, இந்த வருடம் இருக்கிறது என்று. மற்ற இரண்டு ஊரிகளும் அந்தக் கரைகளில் முன்பே இருந்தன. 1886இல் நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த வில்லியம் கானோங் என்ற இளைஞர், பின்னாளில் பேர்பெற்ற தாவரவியலாளர், இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்: லிற்றோரினா லிற்றோரியா கொண்டுவரப்பட்டதா, இந்த மண்ணுக்குரியதா?

விடை சுலபம் போலத்தான் தெரிந்தது. 1840க்கு முன் யாரும் காணவில்லை, பிறகு கரை முழுக்கப் பரவிவிட்டது, ஆகவே வந்ததுதான். ஆனால் மண்ணைத் தோண்டியவர்கள் குழப்பிவிட்டார்கள். நோவா ஸ்கோஷியாவின் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்கள் சாப்பிட்டுக் கழித்த சிப்பி மேடுகளில் பெரிய ஊரியின் ஓடுகள் இருந்ததாக 1961இல் ஒரு கட்டுரை வந்தது. கொலம்பஸுக்கு முந்திய ஓடுகள் என்றார்கள். அப்படியானால் ஊரி இங்கேயே இருந்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு பேர் 1963இல் ஒரு படி மேலே போய், வைக்கிங்குகள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டார்கள். நியூபவுண்ட்லாந்தில் லான்ஸ்-ஓ-மெடோஸ் என்ற இடத்தில் வைக்கிங் குடியிருப்பைத் தோண்டத் தொடங்கிய காலம் அது; எதைக் கண்டாலும் வைக்கிங் தெரிந்த காலம் என்றும் சொல்லலாம்.

ஓடுகளை வைத்து வாதாடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன ஓடு மண் வெடிப்புக்குள் விழும், நண்டு இழுத்துக்கொண்டு போகும், மேல் அடுக்கில் கிடந்தது கீழ் அடுக்கில் போய்க் கிடக்கும். எனவே வழக்கு அப்படியே நின்றது.

2002இல் மரபணு வந்தது. ஊரில் பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதே சங்கதிதான். அமெரிக்கக் கரையிலும் ஐரோப்பியக் கரையிலும் எடுத்த பெரிய ஊரிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வுக் குழு, அமெரிக்கக் கரையில் மட்டும் காணப்படும் வகைகள் இருக்கின்றன, அவை உருவாக ஆயிரக்கணக்கான வருடங்கள் வேண்டும், எனவே இந்த ஊரி எண்ணாயிரம் வருடத்துக்கு மேலாக இங்கேயே இருக்கிறது என்று எழுதியது. வந்த கதையை மறுத்தாயிற்று என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பின் சாரம். 2007இல் வேறு நால்வர் பதில் எழுதினார்கள். அவர்கள் தலைப்பில் சொன்னது, மறுத்தது அவசரம் என்று. விஞ்ஞானிகளும் எங்கள் சங்கக் கூட்டங்களில் போலத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஐரோப்பாவில் போதிய இடங்களில் தேடாமல் இந்த வகை அங்கே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? பிறகு கூடுதல் இடங்களில் ஊரி எடுத்துப் பார்த்தபோது, அமெரிக்காவுக்கே உரியவை என்று எண்ணப்பட்டவற்றில் பல அங்கேயும் இருந்தன.

வழக்கைத் திருப்பியது மரபணுவும் ஒட்டுண்ணியும் சேர்ந்துதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன். இந்த ஊரிகளுக்குள் சில தட்டைப் புழுக்கள் குடியிருக்கும். அவற்றில் ஒன்றின் வாழ்க்கை மூன்று வீட்டில் நடக்கும். கடற்காகத்தின் குடலில் வளர்ந்த புழு முட்டையிடும். எச்சத்தோடு பாறையில் விழும் முட்டையை ஊரி மேய்ந்து விழுங்கும். ஊரிக்குள் பெருகிய குஞ்சுப் புழுக்கள் வெளியேறி மீனின் தோலில் துளைத்து உட்காரும். அந்த மீனைக் கடற்காகம் பிடித்துத் தின்னும். புழு புகுந்த ஊரி சாகாது, ஆனால் மலடாகிவிடும். ஓர் இடத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஊரிக்கு அந்த இடத்துப் புழுக்கள் அத்தனையும் சேர்ந்திருக்கும். புதிதாக வந்த ஊரிக்குக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் வந்த சிலவற்றோடு எல்லாப் புழுக்களும் வந்திருக்காது.

ஏப்ரல் பிளேக்ஸ்லி, ஜேம்ஸ் பயர்ஸ் என்ற இருவர் 2008இல் மூன்று ஊரிகளையும் இரு கரைகளிலும் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். சொரசொர ஊரிக்கும் பாசி ஊரிக்கும் இரு பக்கத்துக் கணக்கில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. பெரிய ஊரிக்கு மட்டும் அமெரிக்கக் கரையில் புழு இனங்கள் தெளிவாகவே குறைந்திருந்தன. அதைவிட வேடிக்கை, பெரிய ஊரியில் காணாமற்போன அந்தப் புழுக்களில் சில இங்கேயே, பக்கத்தில் இருக்கும் சொந்தக்கார ஊரிகளுக்குள் இருந்தன! ஐரோப்பாவில் பெரிய ஊரிக்குள் புகும் புழு, இங்கே அதே பாறையில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் இருக்கிறது. நெடுங்காலம் பிரிந்திருந்ததால் அந்தப் புழுக்களுக்குப் பழைய வீட்டை அடையாளம் காண முடியாமற் போய்விட்டது என்பதே அவர்கள் தரும் விளக்கம். அதே வருடம் ஊரியின் மரபணுவையும் அதற்குள் இருக்கும் புழுவின் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அமெரிக்கக் கரையில் பலவகைமை குறைந்திருந்தது. ஒரு சிறு கூட்டம் வந்து பெருகியதற்கான அடையாளம் அது.

அந்த ஆய்வுகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கரையின் புழுக்கள் எல்லாமே ஐரோப்பியப் புழுக்களின் ஒரு பகுதிதான். அதாவது சுதேசி என்று நாங்கள் எண்ணும் சொரசொர ஊரியும் பாசி ஊரியும்கூட ஐரோப்பாவிலிருந்து வந்தவைதான். அவை மனிதன் உதவியில்லாமல், மிகப் பழைய காலத்தில் வந்தன. சுதேசிக்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் இங்கே வந்த தேதியிலும் வந்த வழியிலும்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் உங்களில் சிலருக்கு மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். வந்தேறி என்ற சொல்லை எங்களைப் பார்த்துச் சொல்லவும் கேட்டிருக்கிறோம், எங்கள் ஆட்களே மற்றவரைச் சொல்லவும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஊரியை மனிதருக்கு உவமையாக்க நான் விரும்பவில்லை. பெரிய ஊரி வந்ததால் இந்தக் கரை உண்மையாகவே மாறியது. அது பாசியையும் பாறையில் படியும் சேற்றையும் மேய்ந்து வழித்துவிடும். 1980களில் அமெரிக்கக் கரையில் ஒரு துண்டு இடத்திலிருந்து அதை அகற்றிப் பார்த்தபோது அங்கே சேறு படிந்து பாசி வளரத் தொடங்கியது. நாங்கள் கோடையில் போய்ப் படம் பிடிக்கும் மொட்டைப் பாறைகளில் ஒரு பங்கு இந்த ஊரியின் வேலை. நல்லதா கெட்டதா என்பது பாசியைக் கேட்பதா, பாறையைக் கேட்பதா என்பதைப் பொறுத்தது.

சரி, எப்படி வந்தது? இங்கே ஒரு பழைய புதிர் உதவுகிறது. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே அத்திலாந்திக் நடுவில் ரொக்கோல் என்று ஒரு தனிப் பாறை இருக்கிறது. குடம்பிகளை ஆயிரக்கணக்கில் கடலில் மிதக்கவிடும் பெரிய ஊரி அங்கே இல்லை. எங்கும் மிதக்காத, குட்டி போடும் சொரசொர ஊரி இருக்கிறது. நீந்துகிறவன் போகாத இடத்துக்கு நடக்கிறவன் எப்படிப் போனான்? சுவீடன் நாட்டு ஆய்வாளர் கேஸ்ரின் ஜொகானசன் 1988இல் விடை சொன்னார். சினைப்பட்ட ஒரு பெண் சொரசொர ஊரி பாசியிலோ மரக்கட்டையிலோ தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாலே போதும். அதன் பைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் அதே இடத்தில் இறங்கி ஒன்றோடொன்று கூடிப் பெருகும். பெரிய ஊரி ஒன்று தனியாய்ப் போனால் அதன் குடம்பிகளை நீரோட்டம் சிதறடித்துவிடும்; அடுத்த தலைமுறைக்குச் சோடி கிடைக்காது. அதற்குக் கூட்டமாகப் போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

கூட்டமாகத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனது கப்பல். நோவா ஸ்கோஷியாவுக்கும் கியூபெக்குக்கும் பிரித்தானியக் கப்பல்கள் மரம் ஏற்ற வந்தன. வரும்போது சரக்குக் குறைவு. வெறுங் கப்பல் காற்றில் சாயும் என்று அடித்தட்டில் கரையிலிருந்து அள்ளிய கல்லைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பிக்ரோவில் மரம் ஏற்றமுன் அந்தப் பாரக்கல்லைக் கொட்டிவிடுவார்கள். கல்லோடு ஈரப் பாசியும் பாசியோடு ஊரியும் வந்தன. 2009இல் வெளியான ஓர் ஆய்வு கப்பல் பதிவேடுகளையும் மரபணுவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பல் பல்லாய் விளிம்புள்ள ஒரு கடற்பாசியும் பெரிய ஊரி காணப்பட்ட அதே பகுதியில்தான் முதலில் தோன்றியது. அதன் மரபணு ஸ்கொட்லாந்தையும் அயர்லாந்தையும் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கப்பல்கள் கல்லை மட்டும் கொண்டுவரவில்லை. 1773இல் ஹெக்ரர் என்ற கப்பல் ஏறத்தாழ இருநூறு ஸ்கொட்லாந்துக்காரரைப் பிக்ரோவில் இறக்கியது. பிறகு மரக் கப்பல்களின் அடித்தட்டில் கல்லுக்குப் பதிலாக ஏழைக் குடும்பங்களை அடைத்து ஏற்றினால் கூலியும் கிடைக்கும் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். 1847இல் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர் குரோஸ் தீவிலும் மொன்றியலிலும் ரைபஸ் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். விக்ரோரியா பாலத்தின் மொன்றியல் பக்கத்தில் நிற்கும் பெரிய கறுத்தப் பாறை அவர்களில் ஆறாயிரம் பேருக்கானது. பாலம் கட்டிய தொழிலாளர்கள் 1859இல் அதை நிறுத்தினார்கள். சென்-லம்பேரிலிருந்து பாலத்தால் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

வழக்கு முழுதாய் மூடப்படவில்லை என்று சொல்வாரும் உண்டு. ஒரு பழைய சிறு கூட்டம் இருந்து அழிந்து, பிறகு கப்பலில் வந்தது பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. என்னளவில் புழுவின் சாட்சியம் பலமானது. இன்று பாறையில் இருப்பது கப்பலில் வந்த கூட்டத்தின் வாரிசுதான் என்றே நினைக்கிறேன்.

ஓட்டை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு இரண்டு கதைகள். சொரசொர ஊரிக்கு 1792இல் இத்தாலியர் ஒலிவி பெயர் வைத்தார். அது கரைக்குக் கரை நிறமும் உருவமும் மாறுவதால் அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் புது இனம் என்று நினைத்துப் பெயர் வைத்து, ஒரே ஊரிக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. மறுபுறம் பிரித்தானியக் கரையில் ஆர்க்கானா என்ற ஊரி சொரசொர ஊரிக்குள்ளேயே ஒளிந்திருந்து 1978இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. பெண்ணை அறுத்துப் பார்த்தால் ஒன்றுக்குக் குஞ்சுப் பை, மற்றதற்கு முட்டைப் பசை சுரக்கும் சுரப்பி. வெளியில் பார்த்துச் சொல்வது கடினம். எங்கள் பக்கத்துக் கதை இதற்கு நேர் மாறு. இந்து சமுத்திரக் கரைகளின் கண்டல் மரங்களில் ஏறிக் கிடக்கும் ஊரிகளை நெடுங்காலம் ஒரே இனம் என்றே எழுதிவந்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை வெளியிட்ட நூலில் டேவிட் ரீட் 1986இல் அவற்றை ஏறக்குறைய இருபது இனங்களாகப் பிரித்துக் காட்டினார். பத்து வருடத்துக்குப் பிறகு லிற்றோரினா ஊரிகளின் பெயர்க் குழப்பத்தையும் பெருமளவு தீர்த்து வைத்தவர் அவரேதான்.

ஓடு எவ்வளவு விரைவாக மாறும் என்பதையும் ஒரு நூதனசாலைதான் காட்டிக்கொடுத்தது. ஐரோப்பியப் பச்சை நண்டு 1817 அளவில் அமெரிக்கக் கரைக்கு வந்து, பிறகு வடக்கே ஏறியது. அதற்கு முன் சேகரித்த பாசி ஊரிகளின் ஓடுகளை 1980களில் எடுத்தவற்றோடு றொபின் சீலி ஒப்பிட்டார். பழையவை மெல்லிய, உயர்ந்த உச்சி; புதியவை தடித்த, தட்டை உச்சி. நண்டு நொறுக்க முடியாத ஓடு. பின்னர் வந்த பரிசோதனைகளில் நண்டின் வாடை கலந்த தண்ணீரில் வளர்த்தாலே ஓடு தடிப்பது தெரிந்தது. ஆகவே எவ்வளவு பிறப்பில் வந்தது, எவ்வளவு வளர்ப்பில் வந்தது என்று பிரிப்பதுதான் கடினமான வேலை. சுவீடனில் 1988இல் ஒரு நச்சுப் பாசிப் பெருக்கம் அலை மோதும் சிறு திட்டுகளின் சொரசொர ஊரிகளைக் கொன்றுவிட்டது. 1992இல் ஜொகானசன் நண்டு மலிந்த கரையிலிருந்து தடித்த ஓட்டு ஊரிகள் சுமார் எழுநூறை அப்படி ஒரு திட்டில் கொண்டுபோய் விட்டார். 2024இல் வெளியான முடிவின்படி, முப்பது வருடத்துக்குள் அவற்றின் சந்ததி அழிந்துபோன பழைய கூட்டத்தைப் போலச் சிறிய, மெல்லிய ஓடுள்ளதாகிவிட்டது. மரபணுக்களும் அதற்கேற்ப மாறியிருந்தன.

அடுத்த கோடையில் போகிறவர்களுக்கு: ரிமூஸ்கிக்கு இந்தப் பக்கமாக லு பிக் பூங்கா இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தை முதலே பார்த்துக்கொண்டு போங்கள். உச்சிப் பாறை வெடிப்பில் விரலை விட்டால் கையில் அகப்படுவது சொரசொர ஊரி. பாசியை விலக்கினால் அதன் காற்றுக் குமிழ் போலவே இருப்பது பாசி ஊரி. கீழே கால் வைக்க இடமில்லாமல் கிடப்பது பெரிய ஊரி. பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.